வாசகர் கேள்வி – பதில்: ஃபால்அவுட் 76

அணு ஆயுதப் போரில் அழிந்துபோன உலகத்தில், இணையம் வழியாகப் பலர் கூடி விளையாடும் ஃபால்அவுட் 76 என்ற விளையாட்டைப் பற்றி அண்மைக் காலத்தில் திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களும், பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரும், நெடுநாள் விளையாடிவிட்டு நுட்பமான ஐயங்களை எழுப்புகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழில் மற்றக் கேள்விகளை நிறுத்தி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

வெளியானபோது உலகமே குறை சொன்ன விளையாட்டை இன்று எதற்காக விளையாட வேண்டும்?
– வாசகர், மேலப்பாளையம்

அன்று சொல்லப்பட்ட குறைகள் உண்மையானவை. பெதஸ்டா நிறுவனம் 2018 நவம்பர் 14-இல் இதை வெளியிட்டபோது நிரலில் பிழைகள் மலிந்திருந்தன. அதைவிடப் பெரிய குறையாக, அந்த உலகத்தில் பேசுவதற்கு ஒரு மனிதர்கூட இல்லை. கதைப்படி 2077 அக்டோபர் 23-இல் அணு ஆயுதப் போர் மூள்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில், நிலத்தடியில் கட்டப்பட்ட வால்ட் 76 என்ற காப்பறைக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் அடைக்கலம் புகுகிறார்கள். 25 ஆண்டுகள் கழித்து, 2102-இல், அதன் கதவு திறக்கிறது. வெளியே வருகிறவர்கள் விளையாடுகிறவர்களாகிய நாம்தாம். முதல் வெளியீட்டில் நாம் கண்டதெல்லாம் இயந்திர மனிதர்களும், இறந்தவர்கள் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களும், குறிப்புகளுமே. 2020 ஏப்ரலில் வந்த 'வேஸ்ட்லேண்டர்ஸ்' புதுப்பிப்பில்தான் உரையாடக்கூடிய மனிதர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அதன்பின் 2022-இல் பிட்ஸ்பர்க் நகரம் திறந்தது. 2024 ஜூனில் 'ஸ்கைலைன் வேலி' என்ற புதுப் பகுதி வரைபடத்தில் சேர்ந்தது. ஃபால்அவுட் விளையாட்டு வரிசையை ஒட்டி எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர் 2024 ஏப்ரலில் வெளியானதும், ஒரே நாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை விளையாடியதாக நிறுவனம் அறிவித்தது.

ஆயினும் இந்த விளையாட்டைக் காப்பாற்றியது புதுப்பிப்புகள் மட்டும்தான் என்று நான் கருதவில்லை. ஆளில்லாத அந்த முதல் ஆண்டில், எதிரே வரும் மற்றொரு ஆட்டக்காரரைக் கண்டால் அவர்தாம் மனிதர் என்ற நிலை இருந்தது. அவரைச் சுடுவதால் கிடைக்கும் பயனைவிட அவரோடு சேர்ந்து நடப்பதால் கிடைக்கும் பயன் பெரிது என்பதைப் பழைய ஆட்டக்காரர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை நிலைத்துவிட்டது. காப்பறையின் வாசலருகே மருந்தும், சுத்தமான தண்ணீரும், தோட்டாக்களும் அடங்கிய பைகளை முன்பின் தெரியாத புதியவர்களுக்காக வைத்துவிட்டுப் போகிறார்கள். இணைய விளையாட்டுகளில் புதியவரைத் துரத்தியடிப்பதே வாடிக்கையாகிவிட்ட காலத்தில், இதற்காகவே இந்த விளையாட்டை நான் பரிந்துரைக்கிறேன்.

அண்ணாச்சி, வால்ட்டை விட்டு வெளியே வந்து சிறிது தூரம் போவதற்குள் செத்துச் செத்து விழுகிறேன். முதலில் என்னதான் செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், திசையன்விளை

தம்பி, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள். காப்பறைக்கு அருகிலுள்ள காட்டுப் பகுதியும் ஃப்ளாட்வுட்ஸ் என்ற ஊரும் புதியவர்களுக்கென்றே மென்மையாக அமைக்கப்பட்டவை. 2020 செப்டம்பருக்குப் பிறகு எதிரிகளின் வலிமை உங்கள் லெவலுக்கு ஏற்ப மாறும்படி செய்துவிட்டார்கள் என்றாலும், தென்கிழக்குச் சதுப்புநிலம் போன்ற இடங்களில் அவற்றின் குறைந்தபட்ச வலிமையே உங்களால் தாங்கக்கூடியதாக இராது. ஆகையால் தொடக்கத்தில் காட்டுப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தால் கதிர்வீச்சும் நோயும் சேர்ந்து வரும். விறகு பொறுக்கி, அடுப்பில் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பிறகு கேம்ப் எனப்படும் உங்கள் சொந்தக் குடியிருப்பை ஆற்றோரமாக அமைத்து, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி ஒன்றை அங்கே நிறுவுங்கள். தண்ணீர் குடிப்பதற்கு உதவுவதோடு, மிஞ்சுவதை வியாபாரிகளிடம் விற்றால் அங்கே நாணயமாக வழங்கும் கேப்ஸ் கைக்கு வரும். துப்பாக்கிச் சண்டையில் பிழைக்கத் தெரியாதவர்கூட தண்ணீர் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். கேம்பைச் சுற்றிச் சோளமும், தாட்டோ, மட்ஃப்ரூட் என்ற அந்த உலகத்துப் பயிர்களும் வையுங்கள். இம்மூன்றையும் தண்ணீரோடு சேர்த்துச் சமைத்தால் ஒரு மாவு கிடைக்கும். ஆயுதங்களைச் செப்பனிட எந்நேரமும் தேவைப்படும் பசை அதிலிருந்துதான் வருகிறது. நம் பக்கத்தில் தோட்டம் துரவு பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி இயல்பாகவே பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, பொறுக்கிய தட்டுமுட்டுச் சாமான்கள். மேசை விசிறி, தட்டச்சு இயந்திரம், பழைய தொலைபேசி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். உடைத்தால் திருகாணி, அலுமினியம், ஸ்பிரிங் என்று உருப்படியான பொருள்களாகும். ஆனால் நீங்கள் இறக்கும்போது இந்தச் சாமான்கள் அனைத்தும் அந்த இடத்திலேயே ஒரு பையாக விழுந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனவே வழியில் பணிமேசை எதிர்ப்பட்டால் உடைத்துவிட்டு, ஸ்டாஷ் எனப்படும் பெட்டியில் போட்டுவிட்டு நடையைத் தொடருங்கள். கிடைத்த துப்பாக்கிகளையும் விற்காமல் உடையுங்கள், ஏனெனில் அவ்வகைத் துப்பாக்கியை மேம்படுத்தும் பாகங்கள் செய்யும் முறையைப் பெரும்பாலும் அப்படித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

என் தங்கையும் நானும் சேர்ந்து விளையாட விரும்புகிறோம். மைக்கில் எங்கள் குரலைக் கேட்டால் ஆண்கள் தொல்லை கொடுப்பார்களோ என்ற அச்சம் இருக்கிறது. பேசாமலே விளையாட முடியுமா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

தாராளமாக முடியும், இந்த விளையாட்டில் பெரும்பாலானோர் பேசாமலேதான் விளையாடுகிறார்கள். கணினியில் இதற்கு எழுத்து உரையாடல் வசதிகூட வைக்கப்படவில்லை. கையசைத்தல், கட்டை விரலை உயர்த்துதல், இதயக்குறி காட்டுதல் போன்ற சைகைகளின் வழியாகவே வணக்கமும் நன்றியும் பரிமாறப்படுகின்றன. அமைப்புகள் பகுதிக்குச் சென்று குரல் உரையாடலை முழுமையாக அணைத்துவிடலாம். உங்கள் இருவருக்குள் பேசிக்கொள்வதற்கு மட்டும் தொலைபேசி அழைப்பைப் பயன்படுத்துங்கள். தொல்லை தருபவர் யாரேனும் எதிர்ப்பட்டால் அவரைத் தடைசெய்துவிட்டு வேறு உலகத்துக்கு, அதாவது இதே நிலத்தின் மற்றொரு பிரதிக்கு, மாறிக்கொள்ளலாம். ஓர் உலகத்தில் ஏறத்தாழ இருபத்து நான்கு பேர்தாம் இருப்பார்கள் என்பதால் அந்த நபரை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

'பேசிஃபிஸ்ட்' என்ற ஏற்பாட்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். உங்கள் தோட்டா தவறிப்போய் மற்றோர் ஆட்டக்காரர்மீது பட்டு, அதையே சாக்காக வைத்து அவர் சண்டைக்கு வருவதை அது தவிர்க்கும். பிறகு 'கேஷுவல்' வகைப் பொதுக் குழுவில் இருவரும் சேர்ந்துகொள்ளுங்கள். அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டியதில்லை. ஒன்றாக நடக்க வேண்டியதுகூட இல்லை. ஆனாலும் குழுவில் இருப்பதாலேயே அறிவுத்திறன் கூடி, லெவல் விரைவாக உயரும். பெண் பிள்ளைகள் தங்கள் குரலை மறைத்துக்கொண்டு விளையாட வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த வருத்தத்தைச் சொல்லாமல் வழிமுறையை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

அரசு வழங்கிய மடிக்கணினியில் இந்த விளையாட்டு ஓடுமா?
– வாசகர், முக்கூடல்

ஓடாது. குறைந்தது 8 ஜி.பி. ரேமும், 3 ஜி.பி. நினைவகம் உள்ள தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவை; தரவிறக்கமே 80 ஜி.பி.க்கு மேல் போகும்.

என்னிடம் செல்பேசி மட்டுமே இருக்கிறது.
– வாசகர், களக்காடு

ஃபால்அவுட் 76 செல்பேசிக்கு வரவில்லை. அதே கதையுலகத்தில் 2015-இல் வெளியான 'ஃபால்அவுட் ஷெல்ட்டர்' செல்பேசிக்கென்றே செய்யப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நீங்கள் ஒரு காப்பறையின் பொறுப்பாளராக இருந்து, உள்ளே வாழ்பவர்களுக்கு மின்சாரம், தண்ணீர், உணவு ஆகிய மூன்றும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் சில நாள் விளையாடிப் பாருங்கள். கணினி வாய்க்கும்போது இந்த உலகம் உங்களுக்குப் பழகியதாக இருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. இடிந்த வீடுகளும் சேறு படிந்த சாமான்களும் நிறைந்த இந்த விளையாட்டைத் தம்பி விளையாடும்போது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அழிவை எதற்காக விளையாட்டாக்குகிறார்கள்?
– வாசகி, வண்ணார்பேட்டை

அம்மா, பார்க்க முடியவில்லையென்றால் பார்க்காதீர்கள். அதற்கு விளக்கமே தேவையில்லை. தாமிரபரணி கரை மீறிய அந்த இரண்டு நாள்களைக் கண்டவர்களுக்கு இது வெறும் படமாகத் தோன்றாது என்பதை நான் முழுமையாக உணர்கிறேன்.

தங்கள் கேள்வியின் பிற்பகுதிக்கு மட்டும், விளையாட்டின் உள்ளிருந்தே ஒரு பதிலை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கதையில் 'ரெஸ்பாண்டர்ஸ்' என்ற ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். போருக்குப் பின் எஞ்சிய தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோர் மாநிலத் தலைநகரமான சார்ல்ஸ்டனில் ஒன்றுகூடி, உயிர் பிழைத்தவர்களுக்கு உணவும் மருத்துவமும் வழங்குகிறார்கள். 2082 கிறிஸ்துமஸ் நாளன்று, கொள்ளைக் கூட்டத்தார் சம்மர்ஸ்வில் அணையைத் தகர்க்கிறார்கள். வெள்ளம் பாய்ந்து நகரத்தை அழித்துவிடுகிறது. தப்பியவர்கள் மார்கன்டவுன் விமான நிலையத்துக்கு இடம்பெயர்ந்து, மறுபடியும் அதே பணியைத் தொடங்குகிறார்கள். ஃப்ளாட்வுட்ஸ் ஊரில் அவர்கள் நடத்திய தொண்டர் பயிற்சி முகாம் இன்னும் அப்படியே இருக்கிறது. தண்ணீரை எப்படிச் சுத்தப்படுத்துவது, கிடைத்ததை எப்படிச் சமைப்பது என்பதை அவர்கள் விட்டுச்சென்ற ஏற்பாடுகள்தாம் நமக்குச் சொல்லித்தருகின்றன. அதாவது, புதிதாக விளையாட வருகிறவர் பெறும் முதல் பயிற்சி, இறந்துபோன தொண்டர்கள் இனி வரப்போகிறவர்களுக்காக எழுதி வைத்த பயிற்சி. அவர்களுடைய ஒலிநாடாக்களைக் கேட்காமல் ஓடுகிறவர்கள் இந்த விளையாட்டின் பாதியை இழக்கிறார்கள் என்பதே என் உறுதியான எண்ணம்.

வெள்ளத்தின்போது நம் ஊர்களில் படகோடு வந்து ஆளை மீட்டவர்களையும், மண்டபங்களில் சோறு பொங்கிப் போட்டவர்களையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த விளையாட்டு அத்தகைய மனிதர்களைத் தன் கதையின் நடுவில் நிறுத்தியிருக்கிறது. தங்கள் தம்பியிடம் அந்த ஒலிநாடாக்களின் பொருளைக் கேட்டுப் பாருங்கள். திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். இந்த விளையாட்டை வாங்கித் தரும்படி கேட்கிறான். காசு வைத்து ஆடும் ஆட்டமா இது? எத்தனை மணிநேரம் அனுமதிக்கலாம்?
– தாய், வள்ளியூர்

காசு வைத்து ஆடும் ஆட்டம் அல்ல. பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய 2025-இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இந்த விளையாட்டில் பந்தயம் இல்லாததால் அது அந்த வகையில் சேராது. ஆனால் உடைகள், கேம்ப் அலங்காரப் பொருள்கள் முதலியவற்றை விற்கும் 'அட்டாமிக் ஷாப்' என்ற கடை உள்ளேயே இருக்கிறது. மாதச் சந்தா ஒன்றும் உண்டு. இரண்டும் இல்லாமலே கதை முழுவதையும் விளையாடலாம். ஆகவே தங்கள் வங்கி அட்டை விவரங்களைக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

இருந்தாலும் மகனுக்கு இப்போது வாங்கித் தர வேண்டாம் என்றே சொல்வேன். ஐரோப்பியத் தரமதிப்பீட்டில் இது 18 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. அமெரிக்க மதிப்பீட்டில் 17. உடல் சிதறும் காட்சிகளும் இரத்தமும் அந்த மதிப்பீட்டுக்குக் காரணம், அவை இடையிடையே வந்துபோகிறவை அல்ல, சண்டைதோறும் வருகிறவை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியட்டும்.

மணிக்கணக்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டு அடிமை நோய்க்கு மணிக்கணக்கு எதுவும் வரையறுக்கப்படவில்லை. விளையாடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, படிப்பு, உறக்கம், உறவு ஆகிய எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டே முதலிடம் பெறுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாத காலம் நீடிப்பதையே அது நோய் என்கிறது. அவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஓராண்டு காத்திருக்காமல் மகனோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

நாங்கள் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள். விளையாட்டில் காட்டுகிற கதிர்வீச்சு உண்மையா?
– பள்ளி ஆசிரியர், இராதாபுரம்

ஓரளவுக்கு உண்மை, பெரும்பகுதி கற்பனை. 25 ஆண்டுகளுக்குப் பிறகும் மண்ணில் கதிரியக்கம் எஞ்சியிருக்கும் என்பது சரியே. அணுகுண்டு வெடிப்பில் உண்டாகும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். ஆனால் சீசியம்-137 பாதியாவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். எனவே 2102-இலும் பாதிக்கு மேல் இருக்கத்தான் செய்யும். மறுபுறம், வெடிப்புக்குப் பின் காலம் ஏழு மடங்காகும்தோறும் கதிர்வீச்சின் தீவிரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. முதல் சில வாரங்களில்தான் அது மிகக் கொடியது. விளையாட்டு இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

முழுக் கற்பனைகளையும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கதிர்வீச்சை உடலிலிருந்து நொடியில் நீக்கும் 'ராட்அவே' போன்ற மருந்து எதுவும் கிடையாது. சீசியத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றப் 'பிரஷ்யன் நீலம்' என்ற மருந்தும், தைராய்டு சுரப்பியைக் காக்கப் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் எல்லை இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கதிரியக்கத் தூசு போகாது. கதிர்வீச்சால் உயரமாகக் குதிக்கும் ஆற்றல் வருவதெல்லாம் கதைக்காகச் செய்துகொண்டவை.

இன்னொன்றையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அணுமின் உலையும் அணுகுண்டும் ஒன்றல்ல. கூடங்குளத்தில் உள்ளவை போன்ற உலைகளின் எரிபொருளில் பிளவுறும் யுரேனியம் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. குண்டுக்கோ தொண்ணூறு விழுக்காட்டளவு வேண்டும். உலையில் விபத்து நேரலாம், கதிரியக்கம் கசியலாம், அந்த அச்சத்தைப் பேசுவதற்கு அங்கு வாழ்கிறவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அது குண்டைப் போல வெடிக்காது. விளையாட்டைப் பார்த்துவிட்டு இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளக்கூடாது.

பெரிய சிறகும் சிவந்த கண்ணும் கொண்ட மாத்மேன் என்ற உருவம் உண்மையாகவே அந்த ஊர்க் கதையா? நம் நெல்லைச் சீமைக் கதைகளை வைத்தும் இப்படி ஒரு விளையாட்டு செய்யலாமா?
– வாசகர், சேரன்மகாதேவி

அந்த ஊர்க் கதையேதான். மேற்கு வர்ஜீனியாவின் பாயிண்ட் பிளஸண்ட் என்ற சிற்றூரில் 1966 நவம்பரில் சிலர் அப்படியோர் உருவத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 15-இல், ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம், மாலை நேர நெரிசலில் இடிந்து விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய இரும்புச் சட்டம் ஒன்றில் விழுந்திருந்த சிறு விரிசலே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆனால் ஊரார், அந்தச் சிறகுருவம் கேட்டை முன்னறிவிக்க வந்ததாக இரண்டையும் இணைத்துக்கொண்டார்கள். விளையாட்டில் வரும் ஃப்ளாட்வுட்ஸ் பூதம் 1952-ஆம் ஆண்டுக் கதை. கிராஃப்டன் பூதம் 1964-ஆம் ஆண்டுக் கதை. ஊர்ப்பெயர்களும் உண்மையானவையே.

விளையாட்டை வடிவமைத்தவர்கள் இவற்றை வெறும் சுடுபொருள்களாக வைத்துவிடாததை நான் பெரிதும் மதிக்கிறேன். மாத்மேனை வழிபடும் கூட்டம் அந்த உலகத்தில் இருக்கிறது. அதற்குச் சடங்குகள் இருக்கின்றன. லேண்ட்வியூ கலங்கரை விளக்கத்தில் விளக்கேற்றும் நிகழ்வை முறையாக முடித்தால் சாந்தமான மாத்மேன் ஒன்று வந்திறங்கும். அதைச் சுடாமல் அதன்முன் நின்றால் சிறிது நேரத்துக்கு நம் அனுபவப் புள்ளிகள் கூடிக் கிடைக்கும். புதியவர்கள் பதற்றத்தில் சுட்டுவிடுவதை அங்கே அடிக்கடி காணலாம். முன்னால் நிற்கும் மூத்த ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் செய்யுங்கள்.

நம் சீமையை வைத்தும் கட்டாயம் செய்யலாம். அநியாயமாகக் கொல்லப்பட்டவரைத் தெய்வமாக்கி, கொடை விழாவில் அவர் கதையை வில்லுப்பாட்டாகப் பாடும் மரபு நம்முடையது. சுடலைமாடனும் இசக்கியம்மனும் குடியிருக்கும் ஊர்களில், ஒவ்வொரு பீடத்துக்கும் பின்னால் ஒரு கொலையோ, ஒரு துரோகமோ, கொடுக்கப்படாத நீதியோ இருக்கிறது. அதைப் பேய்ப்படக் காட்சியாகச் சுருக்கிவிடாமல், கதை கேட்டு, கொடை நடத்தி, படையல் வைத்த பிறகே அந்த எல்லையைக் கடக்க முடியும் என்று ஓர் ஆட்டத்தை அமைத்தால் அது சிறப்பாக இருக்கும். நிலத்துக்கும் குறைவில்லை. மேற்கே பொதிகை மலையும் பாபநாசம் அணையும், நடுவில் கால்வாய்களும் குளங்களும், கிழக்கே பனங்காடும் செம்மணல் தேரியும், கடைசியில் புன்னைக்காயல் கடற்கரையும் என்று ஒரே ஆற்றின் போக்கிலேயே வரைபடம் அமைந்துவிடும். கணினி நிரல் படிக்கும் நம் பிள்ளைகள் வில்லுப்பாட்டுக் கலைஞர்களைத் தேடிப் போய்க் கதை கேட்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.

என் தந்தையார் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். விளையாட்டின் தெற்கே 'ஆஷ் ஹீப்' பகுதியில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் தடயங்களைக் கண்டு வியந்தேன். அதற்கு உண்மை வரலாறு உண்டா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

உண்டு. 1921 ஆகஸ்டு இறுதியில், சங்கம் அமைக்கும் உரிமைக்காக மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் ஆயுதமேந்தி நடந்தார்கள். ப்ளேர் மலையில் பல நாள் துப்பாக்கிச் சண்டை நடந்து, இறுதியில் அமெரிக்க இராணுவம் வரவழைக்கப்பட்டது. விளையாட்டில் வரும் மவுண்ட் ப்ளேர் என்ற இடம் அதன் நினைவுதான். கதையில், முதலாளிகள் சுரங்கத்துக்குள் இயந்திரங்களை இறக்கிவிட்டு ஆள்களை வெளியேற்றுகிறார்கள். வெல்ச் என்ற ஊரில் தொழிலாளர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்திய வேலைநிறுத்தத்தின் வரலாற்றைப் படித்த நம் வட்டார வாசகருக்கு, அந்த ஊரின் சுவர்களில் எழுதியிருப்பவை அந்நியமாகத் தோன்றமாட்டா. வெல்ச் ஊருக்குப் போகும்போது ஆயுதம் தேடுவதை நிறுத்திவிட்டு, அங்குள்ள கணினிக் குறிப்புகளை ஒன்று விடாமல் படித்துப் பாருங்கள்.

ஆனி, ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் மின்சாரம் அடிக்கடி போய்ப் போய் வருகிறது. சேமித்தவை அழிந்துவிடுமா? மேலும் சுட்டது தாமதமாகப் படுகிறதே?
– வாசகர், பணகுடி

அழியாது, உங்கள் ஆளும் பொருள்களும் கேம்பும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. பாதியில் விட்ட நிகழ்வு மட்டும் போய்விடும். கணினிக்கு மட்டுமன்றி இணையப் பெட்டிக்கும் யு.பி.எஸ். இணைப்புக் கொடுங்கள். தாமதத்துக்கு முழுத் தீர்வு இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். 14,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அமெரிக்க சர்வரில் இணைந்தால், போய்வருவதற்கே 140 மில்லிநொடி ஆகிவிடும், கேபிள் சுற்றி வரும் தூரம் அதற்கு மேல். ஆகவே குறிபார்த்துச் சுடுவதைவிட, விளையாட்டே குறிவைத்துத் தரும் 'வாட்ஸ்' முறையைப் பயன்படுத்துங்கள். அதற்கேற்பச் சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் ஆகிய இரு குணங்களில் புள்ளிகளைக் கூட்டுங்கள்.

லெவல் 50 தாண்டிவிட்டேன். அணுகுண்டு ஏவலாம் என்கிறார்கள். அழிந்த உலகத்தை மறுபடியும் அழிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஏவித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

கட்டாயம் இல்லை, ஏவாமலே நீங்கள் ஆண்டுக்கணக்கில் விளையாடலாம். உங்கள் தயக்கம் நியாயமானது என்பதற்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற மூன்று ஏவுதளங்கள் இருக்கின்றன. வாரந்தோறும் மாறும் குறியீட்டெண்ணைக் கொண்டு, காவல் இயந்திரங்களைக் கடந்து போய் ஏவ வேண்டும். விழும் இடம் சிறிது நேரத்துக்குக் கடுங்கதிர்வீச்சுப் பகுதியாகும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மற்றவர் அரும்பாடுபட்டுக் கட்டிய கேம்ப் இருக்கும் இடத்தில் வேண்டுமென்றே குண்டு போடுகிறவர்கள் உண்டு; அதை நான் எவ்வகையிலும் ஏற்கமாட்டேன்.

ஏற்கத்தக்க பயன்பாடு ஒன்று இருக்கிறது. கதைப்படி, ரெஸ்பாண்டர்ஸ் உட்பட அந்த நிலத்தில் எஞ்சியிருந்த அனைவரையும் அழித்தது 'ஸ்கார்ச்ட்' என்ற தொற்று. அதைப் பரப்பும் ராட்சத வௌவால்களின் அரசி, தென்கிழக்குச் சதுப்புநிலத்திலுள்ள 'ஃபிஷர் சைட் பிரைம்' என்ற பிளவுக்குள் இருக்கிறது. அங்கே குண்டு விழுந்தால்தான் அது வெளியே வரும். குண்டு விழுவது உலகத்தில் உள்ள எல்லோருடைய வரைபடத்திலும் தெரியும் என்பதால் பலர் வந்து சேர்வார்கள். கதிர்வீச்சுத் தடுப்பு உடையோ, பவர் ஆர்மர் என்ற இயந்திரக் கவசமோ அணிந்துகொள்ளுங்கள். தோட்டாவும், காயம் ஆற்றும் ஸ்டிம்பேக் மருந்தும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். அரசியைச் சிறிதளவேனும் தாக்கியவருக்குத்தான் அதன் உடலிலிருந்து பரிசுப் பொருள்கள் கிடைக்கும். உங்களைப் போல லெவல் உயர்ந்தவர்கள் கையிலுள்ள பெரிய ஆயுதத்தால் ஒரு நிமிடத்துக்குள் அதை வீழ்த்திவிட முடியும்; அப்படிச் செய்தால், தொலைவிலிருந்து மூச்சிரைக்க ஓடிவரும் லெவல் 20 ஆட்டக்காரருக்கு எதுவும் கிடைக்காது. ஆகையால் அரசி தரையிறங்கியதும் சுற்றியிருக்கும் சிற்றெதிரிகளை முதலில் கவனித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஆளுக்கொரு தோட்டாவாவது அதன்மீது சுட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு உங்கள் பெரிய துப்பாக்கியை எடுங்கள்.